பிசின் பூசிய பதின்மூன்று முடிச்சுகள்

"ஐயோ! விழப்போறேன்! யாராவது வாங்களேன்!"

பாலத்தின் நடுவில் முயல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பின்னங்கால் மட்டும் கொடியில் மாட்டியிருந்தது. கீழே ஆறு. ஆற்றில் கூர்கூராகப் பாறை.

இரண்டு கரையிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆனால் முயலைத் தூக்க யாரும் போகவில்லை. எல்லாரும் நாவல் மரத்தின் உச்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டேய் சுருளி! எங்கேடா போய்த் தொலைஞ்சே?"

"முடிச்சு நழுவிடுச்சு! கண்ணு தெரியலையா?"

சுருளி ஒரு மலை அணில். அன்றைக்கு அப்போதுதான் முதல் பலாச்சுளையை வாயில் வைத்திருந்தது. அதைத் துப்பிவிட்டு இறங்கி ஓடியது. நழுவிய முடிச்சைப் பிடித்தது. இழுத்தது. இரண்டு சுற்று சுற்றிக் கட்டியது. தொய்ந்த கொடி விறைத்து எழுந்தது. முயல் தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தது.

"நன்றி" என்று சொல்லும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"இவ்வளவு நேரமா?" என்றது முயல். "காது ரெண்டும் வலிக்குது!"

"நேத்தும் பாலம் ஆடுச்சு," என்றது முள்ளம்பன்றி. "என்கிட்ட மொத்தம் பதினேழு குறை இருக்கு. வரிசையா சொல்றேன், கேட்டுக்கோ."

"மூணு வருஷமா இதே கதைதான்," என்றது காக்கா. அது பறக்கும். பாலத்தில் ஒரு நாளும் நடந்ததில்லை. ஆனாலும் சொன்னது.

"எனக்குப் பச்சைக் கொடி பிடிக்கலை," என்றது பெருச்சாளி. "சிவப்புல போடேன்."

சுருளிக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. "நீங்களே கட்டிக்கலாமே! நான்தான் எல்லா முடிச்சுலயும் ஒரு நுனியை வெளியே தொங்க விட்டிருக்கேனே! இழுத்தா அவிழும். பார்த்தா புரியும். அரை நாள்ல கத்துக்கலாம்."

"எனக்கு நேரமில்லப்பா," என்றது முயல். போய்விட்டது. எல்லாரும் போய்விட்டார்கள். துப்பிய பலாச்சுளையை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் இந்தப் பக்கம் தாழ்கரை. அந்தப் பக்கம் மேட்டுக்கரை. தாழ்கரையில் வேர் விட்ட பதின்மூன்று கொடிகள் ஆற்றைத் தாண்டி வந்து மேட்டுக்கரை நாவல் மரத்தில் முடிந்திருந்தன. கொடிக்கு ஒரு முடிச்சு. ஆக, பதின்மூன்று முடிச்சு. மழைக்காலத்தில் தாழ்கரை முழுகிப்போகும். அப்போது பாலத்தில் ஏறி மேட்டுக்கரைக்கு வராதவர்கள் மீனுக்குத்தான் சாப்பாடு.

கட்டியது சுருளி. யாரும் சொல்லிக் கட்டவில்லை. அதற்கு ஆற்றைத் தாண்டவேண்டியிருந்தது, கட்டிக்கொண்டது. மற்றவர்களும் நடந்தார்கள். நடக்கட்டும் என்று விட்டது. அதற்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கலாம், கற்றுக்கொள்ளலாம், தன் மரத்தில் போய்க் கட்டிக்கொள்ளலாம். ஆனால் தொங்கும் நுனியை வெட்டக் கூடாது. அடுத்து வருகிறவருக்கு அது வேண்டும்.

மூன்று வருடத்தில் அந்த நுனியை இழுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

மறுநாள் மகுடன் வந்தது.

மகுடன் கருமந்திக் கூட்டத்தின் தலைவர். பின்னால் ஐம்பது மந்திகள். கழுத்தில் கொன்றைப்பூ மாலை. மகுடன் பேசினால் காட்டுத்தேன் வழிகிற மாதிரி இருக்கும்.

"தம்பி சுருளி! என்ன அருமையான பாலம்! நீ ஒரு மேதை!"

மூன்று வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சுருளிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"பாவம், தனியா கஷ்டப்படுறியே! ராத்திரி பகல்னு பார்க்காம திட்டு வேற வாங்குறே. இனிமே நாங்க பார்த்துக்கறோம். நாங்க ஐம்பது பேர். நீ நிம்மதியா தூங்கு."

"நுனியை வெட்ட மாட்டீங்களே?"

"சேச்சே! திறந்து வைக்கிறதுதான் எங்க கொள்கையே!"

உண்மையைச் சொன்னால், சுருளி அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. 'தூங்கு' என்ற சொல்லிலேயே அதற்குப் பாதித் தூக்கம் வந்துவிட்டது. சரி என்று தலையாட்டியது. கூட்டுக்குள் போய் இரண்டு நாள் தொடர்ந்து தூங்கியது.

மகுடன் வேலையைத் தொடங்கியது. பாலம் முழுக்கப் பூ சுற்றினார்கள். 'மகுடன் மேம்பாலம்' என்று பெயர் வைத்தார்கள். கரையில் தேக்கு இலைகளை அடுக்கிவைத்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இலை. ஒவ்வொன்றிலும் நகத்தால் பொடிப்பொடியாக எழுதியிருந்தது.

"இது என்ன?" என்றது முயல்.

"சும்மா நிபந்தனைதான். 'சம்மதம்'னு சொல்லிட்டுப் போங்க!"

"சம்மதம்!" என்றது முயல்.

"சம்மதம்!" என்றது முள்ளம்பன்றி. "சம்மதம்!" என்றது உடும்பு. "சம்மதம், சம்மதம், சம்மதம்!" என்றது கிளி, அதை யாரும் கேட்கக்கூட இல்லை.

தேவாங்கு மட்டும் உட்கார்ந்தது. முதல் இலையைக் கையில் எடுத்தது. பெரிய கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் படிக்கத் தொடங்கியது.

"ஏய், நகரு!" என்று பின்னால் கத்தினார்கள்.

"படிச்சிட்டு வரேன்," என்றது தேவாங்கு. அது எதையும் மெதுவாகத்தான் செய்யும். அன்றைக்கு ஆறு இலையைத்தான் முடித்தது.

முதல் வாரம் ஜோராகப் போனது. யார் கேட்டாலும் மயில் பாலத்தைப் புகழ்ந்தது. நடுப்பாலத்தில் நின்று தோகையை விரித்து, "நான் தினமும் மகுடன் மேம்பாலத்துலதான் போறேன்! நீங்களும் வாங்க!" என்று அகவியது. இதற்காக மந்திகள் அதற்குத் தினமும் ஒரு கை நிறையக் கரையான் கொடுத்தார்கள். அதைப் பார்த்துப் பத்துப் பேர் கை தட்டினார்கள். பத்துப் பேர் தட்டுவதைப் பார்த்து நூறு பேர் தட்டினார்கள்.

இரண்டாவது வாரம் பாலத்தின் வாசலில் ஒரு மைனா உட்கார்ந்தது.

"நில்லுங்க! ஒரு சின்ன அறிவிப்பு! குளிருதா? தனிமையா இருக்கா? மலைப்பாம்பு வழங்கும் கதகதப்பான அணைப்பு! இன்றே வாருங்கள்!"

"எனக்கு வேணாம்," என்றது முயல்.

"அஞ்சு எண்ணுற வரைக்கும் கேட்டே ஆகணும். ஒண்ணு... ரெண்டு..."

மூன்றாவது வாரம் வரிசை இரண்டானது. மந்திகளுக்குப் பேன் பார்த்துவிட்டால் முன் வரிசை. பார்க்காவிட்டால் வெயிலில் நில். உடும்பு ஒரு காலை முழுக்க ஒரு கிழட்டு மந்தியின் முதுகில் பேன் பார்த்தது. உடும்புக்குப் பேன் என்றால் என்னவென்றே தெரியாது.

நான்காவது வாரம் முயல் அலறிக்கொண்டு ஓடிவந்தது. "நான் காலையில எந்தப் புதர்ல அறுகம்புல் தின்னுவேன்னு நரிக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கு!"

மைனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று அதற்குத்தான் தெரியும்.

இவ்வளவுக்கும் யாராவது பாலத்தை விட்டார்களா? இல்லை. வேறு பாலம் எங்கே இருக்கிறது? முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே பேன் பார்த்தார்கள்.

சுருளிக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. 'எனக்கென்ன' என்று சுளை தின்றது. ஆனால் ஒரு நாள் நாவல் மரத்தில் இறங்கும்போது முடிச்சுகளைப் பார்த்துவிட்டது.

தொங்கவேண்டிய நுனி ஒன்றுகூட இல்லை. பதின்மூன்றையும் பல்லால் கடித்து எடுத்துவிட்டார்கள். முடிச்சின் மேல் வேங்கைப் பிசினைக் கெட்டியாகப் பூசிவைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நகம் போட்டால் நகம்தான் உடையும்.

சுருளி மகுடனிடம் ஓடியது.

"நுனியை வெட்ட மாட்டேன்னு சொன்னீங்களே!"

"பாதுகாப்புக்காகத் தம்பி," என்றது மகுடன். "கண்டவன் வந்து அவிழ்த்துட்டா? அதுவும் இல்லாம, பக்கத்துக் காட்டுக் குரங்குங்க இதைப் பார்த்துக் கட்டிடுவாங்க. இது எங்க மகுட முடிச்சு."

"உங்க முடிச்சா? அந்த நுனி எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அழகுக்கா? முதல் மழை விழுந்ததும் அதை இழுத்து ஒரு சுற்று தளர்த்தணும்! நனைஞ்சா கொடி ஊதும். தளர்த்தலைன்னா முடிச்சே கொடியைக் கடிச்சு அறுத்துடும்!"

மகுடனுக்கு அது தெரியாது. முடிச்சு எப்படி இருக்கிறது என்று மந்திகள் பார்த்திருந்தார்கள். ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஆனால் தலைவர் ஆகிவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாதே!

"எங்க நிபுணர்கள் எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க," என்றது மகுடன்.

சுருளி கரையில் ஏறி நின்று எல்லாரிடமும் கத்தியது. "கேளுங்க! மழை வந்தா பாலம் அறுந்துடும்! பிசினை உடைங்க!"

வந்தது பார் பதில்!

"பொறாமை!" என்றது காக்கா.

"அவன் கட்டினப்பதான் முயல் தொங்குச்சு. மறந்துட்டானா?" என்றது பெருச்சாளி.

"பொறாமை! முயல் தொங்குச்சு! பொறாமை!" என்று கிளி காடு முழுக்கப் பறந்து சொன்னது. மத்தியானத்துக்குள் அது 'முயலை அணில்தான் தள்ளிவிட்டது' என்று ஆகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் 'அணில் முயல் கறி தின்னுமாம்' என்று ஆகிவிட்டது.

முயலே வந்து சுருளியைச் சந்தேகமாகப் பார்த்தது. "நீ தின்னுவியா?"

"நான் பலாச்சுளை தின்கிறவன்டா!"

"இல்ல, எல்லாரும் சொல்றாங்களே..."

மகுடன் ஓர் இலையில் எழுதிக் கொடுத்துவிட்டது. சுருளி இனி முடிச்சுகளின் பக்கம் வரக் கூடாது. வந்தால் கடுக்காயால் அடிப்பார்கள். சுருளி கூட்டுக்குள் போய் வாசலை இலையால் அடைத்துக்கொண்டது. 'எக்கேடோ கெட்டுப் போங்க' என்றது. சொன்னதே தவிர அன்று முழுக்க அதற்குத் தூக்கம் வரவில்லை.

ஆடி பிறந்தது. மழை வந்தது.

முதல் மழை விழுந்ததுமே சுருளியால் உள்ளே இருக்க முடியவில்லை. முடிச்சுகளிடம் ஓடியது. இரண்டு மந்திகள் கடுக்காயால் அடித்தார்கள். நெற்றி வீங்கித் திரும்பியது. மறுநாளும் போனது. மறுநாளும் வீங்கியது.

மூன்றாம் நாள் ஆறு கரையை மீறியது.

தாழ்கரையில் இருந்தவர்கள் எல்லாரும் பாலத்துக்கு ஓடினார்கள். முதலில் மந்திகள் ஐம்பதும் கடந்தார்கள். வரிசையாவது ஒன்றாவது! கடந்தவுடன் மலைமேல் குகைக்குப் போய்விட்டார்கள். பிறகு முள்ளம்பன்றி வந்தது. உடும்பு வந்தது. பெருச்சாளி, கீரி, மரநாய், சின்ன அணில் இரண்டு எல்லாம் வந்தன. முயல் ஒரு பொந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று முன்னால் வந்தது. அதன் ஆறு குட்டிகளும் இன்னும் தாழ்கரையில் நின்றன.

அப்போது நாவல் மரத்தில் 'படீர்' என்று சத்தம் கேட்டது.

ஒரு கொடியின் மேல்தோல் முடிச்சுக்குள் கிழிந்தது. பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மகுடன் அண்ணே!" என்று முயல் அலறியது. "பாலம் அறுந்துகிட்டு வருது! என் குட்டிங்க அந்தப் பக்கம் இருக்கு!"

வாசலில் மைனா மட்டும் உட்கார்ந்திருந்தது. "உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் முக்கியம்! தயவுசெய்து காத்திருங்கள்!"

"காத்திருக்கவா? தண்ணி ஏறுது!"

"உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் முக்கியம்!"

அந்தக் கரையிலிருந்து தேவாங்கு கையை ஆட்டியது. "படிச்சு முடிச்சிட்டேன்! எல்லாரும் கேளுங்க! நூத்தித் தொண்ணூத்தி ஏழாவது இலையில இருக்கு! 'மழைக்காலத்தில் பாலத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல'! நாம எல்லாரும் சம்மதம் சொல்லியிருக்கோம்!"

சுருளி மரத்திலிருந்து குதித்தது. முதல் முடிச்சில் பாய்ந்து பிசினைக் கடித்தது. கடித்தது, கடித்தது, ஒரு துண்டு பெயர்ந்தது. கத்தவேண்டும் என்று வாயைத் திறக்கப் பார்த்தது. திறக்கவில்லை! நனைந்த பிசின் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து ஒட்டிவிட்டது.

"ம்ம்ம்! ம்ம்!"

"என்ன சொல்றான்?" என்றது முள்ளம்பன்றி.

"நீயே எல்லாத்தையும் தளர்த்திடு சுருளி!" என்று முயல் அழுதது. "உனக்குத்தானே தெரியும்! சீக்கிரம்!"

சுருளி தலையை இடமும் வலமும் ஆட்டியது. ஒரு முடிச்சைக் காட்டியது. பிறகு கையால் எடை தூக்குகிற மாதிரி செய்து மற்றப் பன்னிரண்டையும் காட்டியது. ஒன்றைத் தளர்த்தினால் அதன் பாரம் மற்றவற்றின் மேல் போய் விழும். அவை அறுந்துவிடும். மழை தொடங்கும்போதே என்றால் ஒவ்வொன்றாகச் செய்யலாம். கொடி இப்படி ஊறிப்போன பிறகு பதின்மூன்றையும் ஒரே நேரத்தில்தான் தளர்த்தவேண்டும். ஒரு அணிலுக்கு எத்தனை கை?

முயலுக்குப் புரிந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கடந்து வந்தவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"நில்லுங்க! ஆளுக்கு ஒரு முடிச்சு!"

"எனக்குக் கட்டத் தெரியாதே," என்றது உடும்பு.

"எனக்கும்தான் தெரியாது! அவன் கையைப் பார்! அவன் செய்யறதைச் செய்!"

உடும்பு திரும்பி வந்தது. ஒரு முடிச்சைப் பிடித்தது. உடும்பு பிடித்தால் சும்மாவா! முள்ளம்பன்றி தன் முள்ளைப் பிடுங்கிப் பிசினில் குத்தி நெம்பியது. "இது பதினெட்டாவது குறை," என்று முனகிக்கொண்டே நெம்பியது. பெருச்சாளியும் முயலும் கொறித்தார்கள். கீரி பிறாண்டியது. மரநாயும் சின்ன அணில்களும் ஆளுக்கு ஒன்றில் தொற்றின. மரங்கொத்தி கொத்தியது. காக்கா ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு அதுவும் வந்து கொத்தியது. கிளி ஒன்றும் பேசாமல் மூக்கை வைத்து உடைத்தது.

சுருளி எண்ணியது. தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் குறைவு.

கிளையில் மயில் நனையாமல் நின்றது.

"வாயேன்!" என்றது காக்கா.

"எனக்கெதுக்குப் பாலம்? நான்தான் பறப்பேனே!"

"அப்போ ஒரு மாசமா தினமும் இதுலதான் போறேன்னு எதுக்குக் கத்துனே?"

எல்லாரும் மயிலைப் பார்த்தார்கள். கை தட்டாமல் பார்த்தார்கள். மயிலுக்கு அது பழக்கமில்லை. தோகையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தது.

பிசின் உடைந்தது. உள்ளே முடிச்சு தெரிந்தது. நுனி இல்லாததால் இழுக்க முடியாது. சுற்றுக்கு நடுவில் விரலையோ மூக்கையோ விட்டுத்தான் தளர்த்தவேண்டும். சுருளி தன் முடிச்சில் செய்து காட்டியது. வாய் ஒட்டியிருந்ததால் விளக்க முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அதனால் என்ன ஆயிற்று என்றால், மூன்று வருடத்தில் முதல் தடவையாக எல்லாரும் பேசாமல் பார்த்தார்கள். இவ்வளவுதானா என்று முள்ளம்பன்றிக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சுருளி வாலை மேலே தூக்கியது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். வால் கீழே விழுந்தது.

பதின்மூன்று முடிச்சும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று தளர்ந்தன.

பாலம் ஒரு முழம் இறங்கியது. குலுங்கியது. நின்றது.

"ஓடி வாங்கடா!" என்று முயல் கத்தியது. ஆறு குட்டிகளும் ஓடி வந்தன. மற்றவர்களும் வந்தார்கள். கடைசியாகத் தேவாங்கு வந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை! ஒவ்வொரு அடியாக, அவ்வளவு மெதுவாக, கையில் நூற்றுத் தொண்ணூற்றேழாவது இலையோடு வந்தது. அது கரையில் கால் வைக்கிற வரைக்கும் பதின்மூன்று பேரும் முடிச்சை விடவில்லை.

மறுநாள் காலையில் மழை விட்டது. மகுடன் இறங்கி வந்தது. புது மாலை. பின்னால் ஐம்பது மந்திகள். ஐந்து பேர் கையில் பிசின் கொட்டாங்கச்சி.

மகுடன் பாறைமேல் ஏறியது. குரல் தழுதழுத்தது. "நேத்து நடந்ததுல எங்களுக்கும் ரொம்ப வருத்தம். பாடம் கத்துக்கிட்டோம். இனிமே பேன் பார்க்க வேண்டாம்!"

கூட்டம் கை தட்டியது. உண்மையாகவே தட்டியது!

"அறிவிப்பும் பாதியாகக் குறைக்கப்படும்!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். நேற்று முழுகிச் சாகப் பார்த்தவர்கள்தான் இவர்கள்.

மந்திகள் பிசினோடு முடிச்சுகளின் பக்கம் போனார்கள். முயல் குறுக்கே வந்து நின்றது. "இதைத் தொடாதே. இது நான் தளர்த்தினது. வெயில் வந்ததும் நான்தான் இறுக்கணும்."

"இதையும் தொடாதே," என்றது முள்ளம்பன்றி. முள்ளைச் சிலிர்த்துக் காட்டியது.

ஆனால் கூட்டத்தில் முடிச்சைத் தொட்டவர்கள் பதின்மூன்று பேர்தான். தொடாதவர்கள் நூறு பேர். "விடுங்கப்பா!" என்று அவர்கள் கத்தினார்கள். "அவங்க பார்த்துக்கட்டும்! தினமும் யாரு முடிச்சோட மல்லுக்கட்டுறது? நமக்கு வேற வேலை இல்லையா?"

மகுடன் கையை உயர்த்தியது. "சண்டை வேண்டாம். கட்டினவன் சொல்லட்டும். சுருளி, நீ வா. பாறை மேல என் பக்கத்துல வந்து நில்லு. பாவம், உனக்கு வாய் ஒட்டியிருக்கு. பேசவே வேண்டாம். எல்லாரையும் பார்த்து ஒரே ஒரு தடவை கையை ஆட்டு. அது போதும். அந்தக் காட்டுப்பலா மரம் முழுசும் உனக்குத்தான்!"

சுருளி நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. நெற்றி வீங்கியிருந்தது. பாறை நாலு தாவல் தூரம்கூட இல்லை. கையை ஆட்டினால் பாலம் மறுபடி மகுடனுடையது. பலா அதனுடையது. தூக்கமும் அதனுடையது.

"போ சுருளி!" என்றது கூட்டம். "கையை ஆட்டு!"

"ஒரு தடவைதானே! ஆட்டேன்!"

"உனக்கென்ன கொழுப்பா? ஆட்டுடா!"

மகுடன் சிரித்த முகத்தோடு, தூக்கிய கையோடு காத்திருந்தது. நேரம் போனது. கை வலித்தது. இறக்கவும் முடியவில்லை.

சுருளி தன் இரண்டு கைகளையும் பார்த்தது. இரண்டையும் தரையில் வைத்தது. அவற்றின் மேலேயே நன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆட்டவே இல்லை.

எல்லாருக்கும் பொதுவானதைத் தாங்க எல்லாரும் கை கொடுக்காவிட்டால், அதை மூடி வைத்துக்கொண்டு நம்மையே ஆள ஒருவன் கட்டாயம் வருவான்.